பேரிடர் களத்தில் சேப்ளின்: பிணவறை வாசலில் தொடங்கும் வேலை

2011 மார்ச் 11, பிற்பகல் 2.46. ஜப்பானின் வடகிழக்குக் கரைக்கு அப்பால் 9.0 அளவில் நிலநடுக்கம், அதன் பின்னாலேயே ஆழிப்பேரலை. மியாகி மாகாணத்தில் மட்டும் 9,500க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜப்பானில் அநேகமாக எல்லா உடல்களையும் எரிப்பதுதான் வழக்கம். ஆனால் கரையோரத் தகன மையங்கள் பல சேதமாகிவிட்டன. தப்பியவற்றுக்கு எண்ணெய் வந்து சேரவில்லை. எப்படியோ உடலைத் தேடிக் கண்டுபிடித்து, தகனத்துக்கு நாள் வாங்கி, பெட்டியோடு வந்து நின்ற குடும்பங்களுக்கு அடுத்த சிக்கல்: சூத்திரம் (புத்த மறைநூல் வரிகள்) ஓத ஆள் இல்லை. ஊர்க் கோயிலே அலையில் போயிருக்கும். குருவும் போயிருப்பார், அல்லது ஏதாவதொரு முகாமில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஓதாமல் அனுப்புவது அவர்களுக்கு, நம் ஊரில் கொள்ளி வைக்க ஆளில்லாமல் அனுப்புவதைப் போல.

செண்டாய் நகரின் குசுஒகா தகன மையத்தில் புத்த குருமார்கள் வந்து நின்றார்கள். கிறிஸ்தவப் போதகர்களும் மற்ற மதத்தினரும் சேர்ந்துகொண்டார்கள். காசு வாங்கவில்லை. கேட்டவர்களுக்கு ஓதினார்கள், பேச விரும்பியவர்களுக்குக் காது கொடுத்தார்கள். அந்த முயற்சிக்கு ‘மன ஆலோசனை அறை’ என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார்கள். பேரிடர் நேரத்தில் சேப்ளின் என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால் இந்தக் காட்சியைத்தான் முதலில் சொல்வேன்.

சேப்ளின் என்பதற்குத் தமிழில் நிலைத்த சொல் இல்லை. ராணுவம், மருத்துவமனை, சிறை, தீயணைப்புத் துறை போன்ற இடங்களில் அந்த அமைப்புக்குள்ளேயே இருந்து வேலை செய்யும் ஆன்மிகப் பணியாளர் அவர். நம் நாட்டு ராணுவத்திலும் பண்டிட், கிரந்தி, மௌலவி, பாதிரியார் என்று இளநிலை அதிகாரி தகுதியில் ஆட்கள் இருக்கிறார்கள். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் இதற்கென்று தனித் துறையே உண்டு. ஊர்க் குருக்களுக்கும் இமாமுக்கும் பங்குத்தந்தைக்கும் தங்கள் மக்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. சேப்ளினுக்கு அப்படி இல்லை. அன்று எதிரில் வந்து நிற்பவர்தான் அவருடைய ஆள். எதிரில் நிற்பவருக்குக் கடவுள் நம்பிக்கையே இல்லாவிட்டாலும் சரி. அதற்கான பயிற்சியும் வேறு. அமெரிக்காவில் மருத்துவமனைச் சேப்ளின் பயிற்சியில் ஒரு யூனிட் என்பது 400 மணி நேரம். முழுச் சான்றிதழுக்கு நான்கு யூனிட். அந்த நேரத்தில் பெரும்பகுதி நோயாளிகளோடு போகும். மீதி, அவர்களோடு பேசியதை அப்படியே எழுதிக்கொண்டு வந்து, எங்கே தன் பேச்சு அவர்கள் பேச்சை வெட்டியது என்று சக மாணவர்கள் முன்னால் பார்ப்பதில் போகும். வேதம் படிப்பது இந்தக் கணக்கில் வராது.

களத்துக்குப் போவதில் முதல் விதி: அழைப்பு இல்லாமல் போகக் கூடாது. நல்ல மனதோடு வருபவர்கள்தான் இந்த விதியை அதிகம் மீறுகிறார்கள். பேரிடர் நடந்த இடத்துக்கு அங்கி போட்டுக்கொண்டு தானாக வரும் ஒருவரை யாரும் வாசலில் தடுக்க மாட்டார்கள், அதுவே ஆபத்து. அவர் யார், எந்த அமைப்பு, பயிற்சி உண்டா, குழந்தைகள் இருக்கும் இடத்தில் அவரை விடலாமா என்று எதுவும் தெரியாது. அவருக்கே சாப்பாடும் படுக்க இடமும் தேட வேண்டியிருக்கும். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் உலக வர்த்தக மையத் தாக்குதலில் இறந்த 343 தீயணைப்புத் துறையினரில் மைக்கல் ஜட்ஜ் என்ற பிரான்சிஸ்கன் துறவியும் ஒருவர். அவர் அந்தத் துறையின் சேப்ளின். வடக்குக் கோபுரத்தின் கீழ்க்கூடத்தில் தீயணைப்பு அதிகாரிகள் வேலையை நடத்திக்கொண்டிருந்த இடத்தில் நின்றவர், 9.59க்குத் தெற்குக் கோபுரம் சரிந்தபோது பாய்ந்து வந்த இடிபாட்டில் இறந்தார். அன்றைய இறந்தோர் பதிவில் 0001 என்ற எண் அவருடையது. அவர் அங்கே நின்றது தன் துறையினரோடு, துறையின் ஆளாக. வெளியிலிருந்து போகிறவர் அவரை முன்மாதிரியாக வைத்துக்கொண்டு இடிபாட்டுக்குள் நுழைவது சரியல்ல.

அமெரிக்காவில் விமான விபத்துகளுக்கு இதைச் சட்டத்திலேயே ஒழுங்குபடுத்திவிட்டார்கள். 1996ல் வந்த சட்டத்தின்படி, பெரிய விமான விபத்து நடந்தால் குடும்பங்களைக் கவனிக்க ஒரு தொண்டு அமைப்பு நியமிக்கப்பட வேண்டும். அந்தப் பொறுப்பு செஞ்சிலுவைச் சங்கத்திடம் இருக்கிறது. மனநல உதவி, குடும்பங்கள் தனிமையில் அழுவதற்கு ஓர் இடம், அவர்களைக் கலந்து நினைவு வழிபாடு ஏற்பாடு செய்வது எல்லாம் அதன் வேலை. ‘அவர்களைக் கலந்து’ என்பதுதான் அதில் முக்கியமான சொல்.

இனி பிணவறை. அதிகம் எழுத வேண்டிய இடம் இதுதான், ஏனென்றால் அதிகம் தவறுவதும் இங்கேதான்.

பேரிடர் நடந்த மறுநாளே ‘உடல்களால் தொற்றுநோய் வரும், உடனே புதைத்துவிடுங்கள்’ என்று ஒரு பதற்றம் கிளம்பும். இயற்கைப் பேரிடரில் இறந்தவர்கள் பெரும்பாலும் காயத்தாலோ, மூழ்கியோ, நசுங்கியோ இறந்தவர்கள். அவர்களுடைய உடல் கொள்ளைநோயைக் கிளப்பாது. உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவை அமைப்புகளும் சேர்ந்து 2006ல் வெளியிட்ட களக் கையேடு இதைத் தெளிவாகச் சொல்கிறது. குடிநீரில் கலக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், உடலைத் தூக்குபவர்கள் கையுறையும் பூட்ஸும் போட வேண்டும், அவ்வளவுதான். இதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். ஆனால் வட்டாட்சியரும் ஊர்ப் பெரியவர்களும் ஒரு மதகுருவின் வாயிலிருந்து கேட்டால் கொஞ்சம் நிதானிப்பார்கள். அந்த நிதானத்தில் கிடைக்கும் ஒரு நாள், ஐம்பது குடும்பங்களுக்குத் தங்கள் ஆளைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பைக் கொடுக்கும்.

வரிசை இப்படி இருக்க வேண்டும். முதலில் எண். ஓர் உடலுக்கு ஓர் எண், தண்ணீரில் அழியாத அட்டையில் எழுதி, துணியில் குத்தாமல் மணிக்கட்டிலோ கணுக்காலிலோ கட்ட வேண்டும். பிறகு அந்த எண் தெரியும்படி புகைப்படங்கள்: முழு உடல், முகம், உடை, மச்சம், தழும்பு, பச்சை குத்தியது. வெயில் ஊர்களில் 12 முதல் 48 மணி நேரத்துக்குள் முகம் மாறிவிடும். அதற்குமுன் எடுத்தாக வேண்டும். பிறகு காவல்துறையின் பிரேத விசாரணை. சடங்கு அதற்குப் பிறகுதான். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் என்ன ஆகும் என்பதை யோசித்துப் பாருங்கள். குளிப்பாட்டும்போது உடையைக் கழற்றுவார்கள், உடையில் குத்தியிருந்த எண் அதோடு போகும். சேறு படிந்த கையிலிருந்த வளையலை யாரோ பத்திரமாக எடுத்து வைப்பார்கள். யாருடைய வளையல் என்று மாலைக்குள் யாருக்கும் தெரியாது. மதகுரு அவசரப்படுத்தினால் உடலின் அடையாளமே போய்விடும். உடை, நகை, சாவிக்கொத்து எல்லாம் அதே எண் போட்ட பையில் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பதும் சேப்ளின் வேலைதான்.

குளிர்ப்பெட்டி வசதி இல்லாத இடத்தில் உலர்பனி வைப்பார்கள். ஓர் உடலுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 10 கிலோ. இருபது உடல் வரை ஒன்றாகக் கிடத்தி, சுற்றிலும் அரை மீட்டர் உயரத்துக்கு உலர்பனிச் சுவர் எழுப்பி, மேலே தார்ப்பாய் மூடுவது முறை. உடலின் மேலேயே வைத்தால் தோல் கெடும். உலர்பனி கரையாமல் கரியமில வாயுவாக மாறும். மூடிய கூடத்தில் அந்த வாயு தரைமட்டத்தில் தேங்கும். அங்கே குனிந்து தன் பிள்ளையைத் தேடும் தாய் மயங்கி விழுவதற்குத் துக்கம் மட்டும் காரணமாக இருக்காது. குடும்பத்தை உள்ளே கூட்டிப்போகுமுன் கதவு, சன்னல் எல்லாம் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

கூட்டிப்போவதற்கும் முறை இருக்கிறது. சேப்ளின் முதலில் தனியாக உள்ளே போய் உடலைப் பார்க்க வேண்டும். வெளியே வந்து, பார்க்கப்போவதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்: ‘முகம் வீங்கியிருக்கு. இடது பக்கம் அடிபட்டிருக்கு, அதைத் துணி போட்டு மூடியிருக்கோம். வலது கை நல்லா இருக்கு, தொடணும்னா தொடலாம்.’ பிறகு கேட்க வேண்டும்: பார்க்கிறீர்களா, வேண்டாமா, யார் வருகிறீர்கள்? வேண்டாம் என்பவரை வற்புறுத்தக் கூடாது. பார்த்தே தீருவேன் என்பவரைத் தடுக்கவும் கூடாது. ‘இவர்தான்’ என்று குடும்பம் சொல்வதோடு நிறுத்திவிடாமல் உடை, தழும்பு, பல், கைரேகை என்று இன்னொன்றும் ஒத்துவருகிறதா என்று அதிகாரியைப் பார்க்கச் சொல்ல வேண்டும். பதற்றத்தில் இருப்பவர்கள், கிடைத்தால் போதும் என்ற தவிப்பில் இருப்பவர்கள், முகம் பார்த்துச் சொல்வது தவறுவது உண்டு. உடல் மாறிப்போனால் துக்கம் இரண்டு வீட்டுக்கு இரண்டு முறை.

கூட்டுப் புதைகுழி தவிர்க்க முடியாத நிலைக்கு வந்தால், ஆழம் 1.5 மீட்டராவது, குடிநீர் ஆதாரத்திலிருந்து 200 மீட்டராவது தள்ளி, ஒரே அடுக்கு, உடலுக்கும் உடலுக்கும் இடையில் 0.4 மீட்டர், ஒவ்வோர் உடலோடும் எண். அடுக்கிப் போடக் கூடாது. ஜேசிபி வருவதற்கு முன்னால் சேப்ளின் பேச வேண்டிய ஒன்று உண்டு: பள்ளத்தின் திசை. தமிழ்நாட்டில் முஸ்லிம் உடலை வடக்கே தலை வைத்து, வலப்பக்கம் சாய்த்து, கிப்லாவான (தொழுகைத் திசை) மேற்கு நோக்கிக் கிடத்துவார்கள். இந்துக்கள் தெற்கே தலை வைப்பது வழக்கம். இரண்டுமே வடக்கு–தெற்கு. ஆகவே பள்ளத்தைக் கிழக்கு–மேற்காக நீளமாக வெட்டி உடல்களைக் குறுக்கே கிடத்தினால் இரண்டு முறைக்கும் ஒத்துவரும். ஒரு நிமிடப் பேச்சு. வெட்டிய பிறகு பேசினால் அந்தப் பேச்சால் ஒன்றும் ஆகாது.

எந்த மதத்தில் எது கட்டாயம், எது முடிந்தால், எது உடல் இல்லாமலும் ஆகும் என்பதைச் சேப்ளின் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கத்தோலிக்கத்தில் நோயில் பூசுதல் உயிரோடிருப்பவர்களுக்கானது. இறந்தவருக்கு அடக்கச் செபம். உயிர் இருக்கிறதா என்ற சந்தேகம் இருந்தால் குருவானவர் பூசலாம். இஸ்லாத்தில் குளிப்பாட்டி, கஃபன் துணி போர்த்தி, ஜனாஸா என்ற இறுதித் தொழுகை தொழுவது முறை. தண்ணீர் படக்கூடாத அளவுக்கு உடல் சிதைந்திருந்தால் தயம்மும் (தண்ணீருக்குப் பதில் மண்ணால் தூய்மை செய்வது) போதும். பெண் உடலைப் பெண்கள் குளிப்பாட்ட வேண்டும். கணவர் செய்யலாமா என்பதில் மத்ஹபுக்கு (சட்டப் பிரிவுக்கு) மத்ஹப் வேறுபாடு உண்டு: ஷாஃபியில் செய்யலாம், ஹனஃபியில் கூடாது. ஆகவே தொண்டர் பட்டியலில் பெண்கள் பெயர் இல்லாவிட்டால் அந்தப் பட்டியல் பாதிதான். உடல் கிடைக்காதவருக்கு ஷாஃபி மத்ஹபில் காயிப் ஜனாஸா (உடல் எதிரில் இல்லாத தொழுகை) தொழலாம், ஹனஃபி மத்ஹபில் அது இல்லை. குடும்பத்தைக் கேட்காமல் ஏற்பாடு செய்தால் புண்படும். இந்துக்களில் தர்ப்பையால் உருவம் செய்து எரிக்கும் வழக்கம் உண்டு, ஆனால் எல்லாச் சமூகத்திலும் இல்லை. இத்தனையும் மனப்பாடமாகத் தெரிய வேண்டியதில்லை. யாரைக் கேட்பது என்று தெரிந்து, அவர் கைபேசி எண் கையில் இருந்தால் போதும்.

மியாகியில் நடந்ததைப் பாருங்கள். எரிக்க வழியில்லாமல் சுமார் 2,000 உடல்களைப் பெட்டியோடு தற்காலிகமாக மண்ணில் புதைத்தார்கள். பின்னால் எடுத்து எரித்துத் தருவதாக ஏற்பாடு. எண்ணும் இடமும் சரியாகப் பதிந்திருந்ததால்தான் அது நடந்தது. எரிப்பதையே தலைமுறைகளாகப் பார்த்த குடும்பங்களுக்கு, ஈரமண்ணில் அப்பாவைக் கிடத்தியிருக்கிறோம் என்ற நினைப்பே தூக்கத்தைக் கெடுத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் தோண்டி எடுத்துத் தகனம் செய்து முடித்தார்கள். அரசு மதச்சடங்கு நடத்த அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 20ஆம் பிரிவு இடம் தராது. அதனால் பல உள்ளாட்சிகள் மதகுருமார்களை முகாமிலும் பிணவறையிலும் விடவே தயங்கின. ஒரு மதத்தின் ஆளாக வந்தால் விட முடியாது. எல்லா மதத்தவரும் சேர்ந்து, யாரையும் மதம் மாற்ற மாட்டோம் என்ற உறுதியோடு வந்தால் விடலாம். பலமதக் குழுவாக வேலை செய்தது அவர்களுக்கு வெறும் நல்லெண்ண அடையாளமாக இருக்கவில்லை. கதவைத் திறக்க அதுதான் வழி.

மரணச் செய்தி சொல்வதைப் பற்றிச் சுருக்கமாக. இரண்டு பேராகப் போக வேண்டும், நேரில் போக வேண்டும், உட்காரச் சொல்ல வேண்டும். சரியான ஆளிடம்தான் பேசுகிறோமா என்று உறுதிசெய்துகொண்டு, இறந்தவர் பெயரைச் சொல்லி, ‘இறந்துட்டார்’ என்று சொல்ல வேண்டும். ‘போயிட்டார்’, ‘நிலைமை சரியில்லை’, ‘ஆஸ்பத்திரிக்கு வந்து பாருங்க’ என்றெல்லாம் சுற்றினால் கேட்பவர் அந்தச் சந்துக்குள் நம்பிக்கையைச் செருகிக்கொள்வார். சொன்ன பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அலறுவார்கள், அடிப்பார்கள், சிலர் சோறு வைக்கப் போவார்கள், எல்லாமே இயல்பு. கேட்டால் மட்டும் விவரம். புறப்படுமுன் யாராவது துணைக்கு வரும்வரை இருந்து, உடல் எங்கே இருக்கிறது, யாரைப் பார்க்க வேண்டும், எந்த எண்ணில் அழைக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். சொன்னது எதுவும் அவர்கள் மனதில் தங்கியிருக்காது.

உடல் கிடைக்காதவர்களின் குடும்பம் வேறு வகை. ஜப்பானில் 2,500க்கும் மேற்பட்டோர் இன்னும் காணாமல்போனோர் பட்டியலில்தான் இருக்கிறார்கள். 2011 ஜூனில் நீதி அமைச்சகம் விதியைத் தளர்த்தி, உடல் இல்லாமலே இறப்பைப் பதிய வழிசெய்தது. காப்பீடு, ஓய்வூதியம், சொத்து எல்லாவற்றுக்கும் அந்தத் தாள் வேண்டும். ஆனால் அதில் கையெழுத்து போடும்போது, தன் கையாலேயே அவரைச் சாகடிப்பதாகத் தோன்றும். மாதக்கணக்கில் அந்தத் தாளை மடித்து வைத்திருப்பவர்கள் உண்டு. இங்கே சேப்ளின் அவசரப்படுத்தவும் மாட்டார், தள்ளிப்போடச் சொல்லவும் மாட்டார். பேனாவை மேசையில் வைத்துவிட்டு, ‘அவர் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்பார். அரை மணி நேரம் அவரைப் பற்றிப் பேசிய பிறகு சிலர் கையெழுத்திடுவார்கள், சிலர் வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். இரண்டும் சரிதான்.

குரிஹாரா என்ற ஊரில் சோட்டோ ஜென் என்ற புத்தப் பிரிவின் கோயில் ஒன்றின் குரு கனெடா தையோ. இறந்த 49ஆம் நாள் பௌத்தர்களுக்கு முக்கியம், நம் பதினாறாம் நாள் காரியம்போல. அன்று அவரும் பத்துப் பேர் அளவில் புத்த குருமார்களும் ஒரு கிறிஸ்தவப் போதகரும், அலை அழித்த கரைக்கு நடந்தே போனார்கள். அதன்பின் அவர் தொடங்கியது ஒரு நடமாடும் தேநீர்க் கடை. வண்டியில் காபி, கேக் எல்லாம் ஏற்றிக்கொண்டு தற்காலிகக் குடியிருப்புகளுக்குப் போய் மேசை போடுவார். பெயர் ‘காஃபே தெ மோங்கு’. மோங்கு என்றால் ஜப்பானியத்தில் புலம்பல், ஆங்கிலத்தில் மாங்க் என்றால் துறவி. பின்னணியில் ஓடுவதோ தெலோனியஸ் மாங்கின் ஜாஸ். வாருங்கள், புலம்புங்கள், துறவியும் கூடவே புலம்புவார் என்பதுதான் அழைப்பு.

மேசையில் மணிகளும் நூலும் இருக்கும், ஜெபமாலை கோக்கலாம். களிமண் இருக்கும். உள்ளங்கையில் அடங்கும் ஜிஸோ பொம்மை செய்யலாம். ஜிஸோ என்பவர் இறந்த குழந்தைகளுக்குக் காவல் என்று ஜப்பானியர் நம்பும் போதிசத்துவர். கை வேலையில் இருக்கும்போது கண் எதிராளியைப் பார்க்க வேண்டியதில்லை. அப்போதுதான் வாய் திறக்கும். எதிரெதிர் நாற்காலியில் உட்கார வைத்து ‘சொல்லுங்கள்’ என்று கேட்டால் எத்தனை பேர் பேசுவார்கள்? கீரை ஆய்ந்துகொண்டே, வலை பின்னிக்கொண்டே, பூக் கட்டிக்கொண்டே பேசுவது நமக்கும் புதிதல்ல. களத்தில் உட்காரும் எந்தச் சேப்ளினுக்கும் நான் சொல்வது இதுதான்: முதலில் கைக்கு ஒரு வேலை கண்டுபிடியுங்கள்.

அங்கே பலர் ஆவியைப் பார்த்ததாகச் சொன்னார்கள். கனெடா அதை மறுக்கவும் இல்லை, ஊதிப் பெரிதாக்கவும் இல்லை. யாரைப் பார்த்தீர்கள், அவரிடம் சொல்லாமல் விட்டது ஏதாவது இருக்கிறதா என்று கேட்பது ஒரு வழி. கேட்டால் சடங்கு செய்து கொடுப்பது இன்னொன்று. ஆனால் பல நாள் தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, குரல் கேட்டுச் சாகச் சொல்கிறது, குடி கூடிவிட்டது என்றால் அது சேப்ளின் தனியாகத் தாங்கும் விஷயமல்ல. அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். நம் நாட்டில் டெலி மானஸ் 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம்.

மியாகியில் வீட்டுக்கே போய் இறுதிக்கால நோயாளிகளைப் பார்த்துவந்த மருத்துவர் ஒகாபே தகேஷி, தானே புற்றுநோயோடு இருந்துகொண்டு, இந்தக் குருமார்களின் வேலை ஒரு தொழில்முறைப் பயிற்சியாக வேண்டும் என்று முனைந்தார். தோஹொகு பல்கலைக்கழகத்தில் 2012ல் அதற்கான துறை தொடங்கியது. அதே ஆண்டு அவர் இறந்தார். அங்கே பயிற்சி பெறுபவர்கள் பல மதத்தவர்கள். பாடத்தின் முதுகெலும்பு ஒரே ஜப்பானியச் சொல், கெய்ச்சோ: காதைச் சாய்த்துக் கேட்பது.

மீட்புப் பணியாளர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் இடிந்த கோபுரங்களுக்கு எதிரே இருந்த செயின்ட் பால் சிற்றாலயம் 1766ல் கட்டியது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. எட்டு மாதத்துக்கும் மேலாக அது பணியாளர்களின் ஓய்விடமாக இருந்தது. தொண்டர்கள் 12 மணி நேர முறையில் வந்தார்கள். சூடான சாப்பாடு, கட்டில், தோள் பிடித்துவிடுவோர், பாத மருத்துவர்கள். ஜார்ஜ் வாஷிங்டன் உட்கார்ந்து வழிபட்ட இருக்கையில் தீயணைப்பு வீரர்கள் பூட்ஸைக் கழற்றி, வெந்து புண்ணான பாதத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். இடுப்புக் கருவிகள் உரசி மர இருக்கைகளெல்லாம் கீறல். இப்படிப்பட்ட இடத்தில் சேப்ளின் பிரசங்கம் செய்ய மாட்டார். காய்ந்த சாக்ஸ் எடுத்துக் கொடுப்பார். வெளியே, இடிபாட்டில் ஒரு வீரரின் உடல் கிடைத்தால் இயந்திரங்கள் நிற்கும், எல்லாரும் வரிசையில் நிற்பார்கள், கொடி போர்த்திய தூக்குக்கூடையின் பக்கத்தில் சேப்ளின் செபிப்பார், பிறகு தற்காலிகப் பிணவறைக்குத் தூக்கிப்போவார்கள். கிடைத்தது ஓர் எலும்புத் துண்டாக இருந்தாலும் உரிய மரியாதை உண்டு. கொத்துக்கொத்தாகச் சாவு நடக்கும் இடத்தில் ஒவ்வொன்றையும் தனியாக ஒரு முறை நிறுத்திப் பார்ப்பது, தோண்டுபவர்களின் மனதையும் காப்பாற்றுகிறது.

சேப்ளினுக்கும் வரம்பு வேண்டும். ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது, இரண்டு வாரத்தில் மாற்று ஆள், தனியாக எங்கும் போகக் கூடாது. பையில் அடையாள அட்டை, தண்ணீர், டார்ச், முகக்கவசம், கையுறை, நான்கைந்து மீட்டர் வெள்ளைத் துணி, திசைகாட்டி, எல்லா மதத்துக்கும் சின்னச் சின்ன வழிபாட்டுப் பொருள்கள். கைபேசி மௌனத்தில், கேமரா எப்போதும் மூடி. குறிப்பேட்டில் எத்தனை பேரைப் பார்த்தோம், யாரை எங்கே அனுப்பினோம் என்பது மட்டும். அவர்கள் சொன்னது அதில் வரக் கூடாது.

சொல்லக் கூடாதவை தனி அத்தியாயம். ‘கடவுள் சித்தம்’, ‘விதி’, ‘நல்லவங்களைத்தான் சீக்கிரம் கூப்பிட்டுக்குவார்’, ‘இன்னொரு பிள்ளை இருக்கே’, ‘அழாதீங்க’. அலை அடித்த மூன்றாம் நாள், அப்போது டோக்கியோ ஆளுநராக இருந்த இஷிஹாரா ஷின்தாரோ இதை ‘தெய்வ தண்டனை’ என்றார். மறுநாளே மன்னிப்புக் கேட்டார், ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் காதில் அது விழுந்துவிட்டது. பாதிக்கப்பட்டவரே ‘நான் என்ன பாவம் செய்தேன்’ என்று கேட்டால் பதில் சொல்லத் தேவையில்லை, அது பதில் தேடும் கேள்வியாக இருப்பது அபூர்வம். நிவாரணப் பொட்டலத்துக்குள் மதத் துண்டுப்பிரசுரம் வைப்பவர்களை எந்த மதமானாலும் களத்தைவிட்டு அனுப்பிவிட வேண்டும். பசித்தவன் முன்னால் சோற்றையும் வேதத்தையும் ஒன்றாக நீட்டினால் அவனால் எதையும் மறுக்க முடியாது. எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து நடந்ததை ஒரே நாளில் கொட்டச் சொல்லும் முறையையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. பார், கேள், சேர்த்துவிடு என்ற முதலுதவி முறைதான் இப்போது வழக்கில் இருக்கிறது: என்ன தேவை என்று பார்ப்பது, சொல்வதைக் கேட்பது, உரிய இடத்தோடு சேர்த்துவிடுவது.

நம் கரைக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வேளாங்கண்ணியில் இறந்தவர்களில் வெளியூர் யாத்ரீகர்கள் பலர். அடையாளம் சொல்ல ஊரில் ஆள் இல்லை. தொற்றுநோய்ப் பயத்தில், பல இடங்களில் அடையாளம் பதியாமலே உடல்கள் கூட்டாகப் புதைந்தன. ஜமாத் இளைஞர்களும் பங்கு மக்களும் மீனவக் கிராமத்தினரும் மதம் பார்க்காமல் தூக்கினார்கள், தோண்டினார்கள். கொரோனா காலத்தில் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத் (தமுமுக) தொண்டர்கள் எல்லா மதத்தவர் உடல்களையும் அடக்கம் செய்ததும் அந்த வழிதான். மனசு நம்மிடம் இருக்கிறது. இல்லாதது முன்னேற்பாடு.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குமுன் ஒவ்வொரு கடலோர மாவட்டத்திலும் ஒரு பட்டியல் இருக்க வேண்டும்: எல்லா மதத்திலிருந்தும் ஆணும் பெண்ணுமாகப் பயிற்சி பெற்றவர்கள், காவல்துறை சரிபார்த்த அடையாள அட்டை, ஒருங்கிணைக்க ஒரே ஆள், அவர் எண் ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறையில். பயிற்சிக்கு வேலூரிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். வருடத்தில் இரண்டு நாள் பிணவறை ஒத்திகை, எண் கட்டுவதிலிருந்து பள்ளத்தின் திசை வரை.

அதோடு ஒரு நாட்காட்டியும் வேண்டும். மூன்றாம் நாள், பதினாறாம் நாள், முப்பதாம் நாள், நாற்பதாம் நாள், நவம்பர் 2 கல்லறைத் திருநாள், ஆடி அமாவாசை, முதல் பொங்கல், இறந்த பிள்ளையின் பிறந்தநாள், பள்ளி திறக்கும் நாள். வெளியூர்த் தொண்டர்கள் மூன்றாம் வாரத்தில் கிளம்பிவிடுவார்கள். இந்த நாட்களோ அதற்குப் பிறகுதான் வரிசையாக வரும். நாகைக் கரையில் ஒவ்வொரு டிசம்பர் 26 அன்றும் கடலில் பால் ஊற்றிப் பூத் தூவுகிறார்கள். அங்கே போகும் சேப்ளின் மைக் பக்கம் நிற்க வேண்டாம். கூட்டத்தின் பின்னால், காலி பால் சொம்போடு தனியாக நின்றுவிடுபவர் பக்கத்தில் நிற்கட்டும்.